மெத்தனால் எரிபொருள் கலத்துக்கு வினையூக்கி தயாரித்தல்: ஒவ்வொரு படியும் செயல்திறனில் எங்கே தென்படுகிறது

ஒரே அளவு பிளாட்டினம், ஒரே அளவு ருத்தேனியம், ஒரே கார்பன் தூள் ஆகியவற்றைக் கொண்டு இருவர் தனித்தனியே வினையூக்கி தயாரித்தால், இரண்டு குப்பிகளிலும் பார்வைக்கு ஒரே கரும்பொடிதான் இருக்கும். தனிமப் பகுப்பாய்விலும் ஒரே விகிதம்தான் வரும். ஆனால் அவற்றைக் கலத்தில் பொருத்தி ஓட்டும்போது, ஒன்று தரும் மின்னோட்டத்தில் பாதியைக்கூட மற்றொன்று தராமல் போவது அரிதன்று. வேறுபாடு உலோகத்தில் இல்லை. அந்த உலோகம் எப்படி ஒடுக்கப்பட்டது, எவ்வளவு கழுவப்பட்டது, எந்த வெப்பத்தில் உலர்ந்தது என்பதில் இருக்கிறது. இந்த வழிகாட்டி, கார்பன் மீது படிந்த பிளாட்டினம்–ருத்தேனியம் வினையூக்கியை ஆய்வகத்தில் தயாரிக்கும் முறையை விளக்குவதோடு, எந்தப் படியில் நேரும் பிழை கலத்தின் எந்த அளவீட்டில் வெளிப்படும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கரைசல்களைக் கையாண்ட பழக்கமும் மின்வேதியியல் அளவீடுகளில் அடிப்படை அறிமுகமும் உள்ளவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. அனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. மின்னாற்பகுப்புக் கலத்துக்கு அது பொருந்தும். எரிபொருள் கலத்திலோ அனோடுதான் எதிர் முனை. குழப்பத்தைத் தவிர்க்க இங்கே அனோடு, கேத்தோடு என்றே எழுதுகிறேன்.

அனோடில் ஒரு மெத்தனால் மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறையும் ஆறு புரோட்டான்களையும் ஆறு எலக்ட்ரான்களையும் தருகின்றன. கேத்தோடில் ஆக்சிஜன் அவற்றை ஏற்று நீராகிறது. கோட்பாட்டளவில் கிடைக்க வேண்டிய மின்னழுத்தம் 1.21 வோல்ட்; வேலை செய்யும் கலத்தில் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வோல்ட் வரைதான் கையில் நிற்கும். இழப்பின் பெரும்பங்கு அனோடில் நேர்கிறது. பிளாட்டினம் மெத்தனாலின் ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும், ஆனால் முடிவில் எஞ்சும் கார்பன் மோனாக்சைடை விடாமல் பற்றிக்கொள்ளும். அதை ஆக்சிஜனேற்றி வெளியேற்ற, அருகில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி வேண்டும். பிளாட்டினம் தன் பரப்பில் அதைப் போதிய அளவு உருவாக்க, மீளக்கூடிய ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட ஏறத்தாழ 0.7 வோல்ட் தேவைப்படுகிறது. அனோடு அந்த அளவுக்கு உயர்ந்தால் கலத்தில் மிச்சம் எதுவும் இராது. ருத்தேனியமோ 0.2 முதல் 0.3 வோல்ட் அளவிலேயே நீரைப் பிளந்து ஹைட்ராக்சிலைத் தாங்கி நிற்கும். ஓர் உலோகம் மெத்தனாலைப் பிடிக்க, பக்கத்திலுள்ள மற்றோர் உலோகம் ஆக்சிஜனைக் கொடுக்கும் இந்த இருபணி விளக்கத்தை மின்வேதியியலாளர்கள் வாட்டனபேயும் மோட்டோவும் 1975-இல் முன்வைத்தார்கள்.

‘பக்கத்தில்’ என்ற சொல்தான் தயாரிப்பு முறைக்கு இவ்வளவு முக்கியத்துவத்தைத் தருகிறது. பிளாட்டினம் ஒரு துகளிலும் ருத்தேனியம் வேறொரு துகளிலும் போய் உட்கார்ந்துகொண்டால், விகிதம் சரியாக இருந்தும் வேலை நடக்காது.

முதலில் கணக்கு

எந்த வெப்பநிலையில் கலம் இயங்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அறை வெப்பநிலையில் ருத்தேனியம் மெத்தனாலைப் பற்றுவதில்லை. அதனால் அங்கே பிளாட்டினம் மிகுந்த, ருத்தேனியம் 10 முதல் 30 அணு விழுக்காடு வரை மட்டுமே உள்ள கலவைகள் நன்றாக இயங்குகின்றன. 60 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் என்றால் 1:1 விகிதம் பொருத்தமானது. நேரடி மெத்தனால் கலங்கள் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரியில் இயக்கப்படுவதால் இங்கே 1:1 விகிதத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, கார்பனில் எவ்வளவு உலோகம் என்பது. ஹைட்ரஜன் கலத்துக்குப் பழகியவர்கள் 20 விழுக்காடு போதும் என்று தொடங்குவார்கள். மெத்தனால் அனோடுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 2 மி.கி. அல்லது அதற்கும் மேற்பட்ட உலோகம் தேவைப்படுகிறது. 20 விழுக்காட்டு வினையூக்கியில் அந்த 2 மி.கி. உலோகத்தோடு 8 மி.கி. கார்பனும் வந்துசேரும். ஒரு சதுர செ.மீ.யில் 1 மி.கி. வல்கன் எனப்படும் கார்பன் தூள் சுமார் 25 முதல் 30 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அடுக்காகும் என்பதால், மின்முனை 200 மைக்ரோமீட்டரைத் தாண்டிவிடும். அதன் உட்பகுதியில் பாதிக்குப் புரோட்டான் போய்ச் சேராது. 40 விழுக்காடு என்றால் கார்பன் 3 மி.கி., தடிப்பு 80 மைக்ரோமீட்டர் அளவு. 60 விழுக்காட்டில் அது இன்னும் பாதியாகக் குறையும், ஆனால் துகள்கள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். முதல் முயற்சிக்கு 40 விழுக்காடு நல்ல நடுவழி.

கார்பனாக வல்கன் எக்ஸ்சி-72 போதுமானது. அதன் பரப்பளவு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். கெட்ஜன்பிளாக் வகைகள் 800 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தருவதால் உலோகம் மிகுந்த வினையூக்கிகளுக்கு அவற்றை நாடுவார்கள். ஆனால் அந்தக் கூடுதல் பரப்பில் கணிசமான பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளுக்குள் இருக்கிறது. அங்கே போய் அமரும் துகளை, புரோட்டானைக் கடத்தும் பாலிமரான நஃபியான் தொடாது. அளவீட்டில் இருப்பதுபோல் தோன்றும், கலத்தில் வேலை செய்யாது.

இனி எடை. 1 கிராம் வினையூக்கிக்கு 0.600 கிராம் கார்பனும் 0.400 கிராம் உலோகமும் வேண்டும். 1:1 மோல் விகிதத்தில் உலோக எடையில் 65.9 விழுக்காடு பிளாட்டினம். ஆகவே பிளாட்டினம் 0.2635 கிராம், ருத்தேனியம் 0.1365 கிராம், இரண்டும் தலா 1.351 மில்லிமோல். ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஹெக்சாகுளோரோ பிளாட்டினிக் அமிலமாக எடுத்தால் 0.700 கிராம், மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட ருத்தேனியம் டிரைகுளோரைடாக எடுத்தால் 0.353 கிராம். இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது: இரண்டு உப்புகளும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை, ருத்தேனியம் குளோரைடில் நீரின் அளவு குப்பிக்குக் குப்பி மாறும். குப்பியின் சிட்டையில் எழுதியிருக்கும் உலோக விழுக்காட்டைக் கொண்டு கணக்கிடுங்கள், வாய்பாட்டைக் கொண்டு அன்று. ஆறு மாதம் திறந்து திறந்து மூடிய குப்பி என்றால் அந்த விழுக்காட்டையும் நம்ப வேண்டாம். உப்பைக் கரைத்து உலோகச் செறிவை அளந்து, அந்தக் கரைசலையே பயன்படுத்துவது மேல்.

போரோஹைட்ரைடு வழி

கார்பனை 150 மி.லி. காய்ச்சி வடித்த, அயனி நீக்கிய நீரில் இட்டு மீயொலித் தொட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். கார்பன் நீரில் எளிதில் நனையாது, சில மி.லி. ஐசோபுரொப்பனால் சேர்த்தால் கட்டிகள் உடையும். நனையாத கார்பன் கட்டியின் உட்புறத்துக்கு உலோக உப்பு போகாது, வெளிப்புறத்தில் மட்டும் தடித்துப் படியும். இந்தப் படியில் அவசரப்பட்டதன் விளைவு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில், ஓரிடத்தில் வெறும் கார்பனும் இன்னோரிடத்தில் உலோகக் குவியலுமாகத் தெரியும்.

இரண்டு உப்புகளையும் 50 மி.லி. நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சில மணி நேரம் காந்தக் கலக்கியில் கலக்குங்கள். ருத்தேனியம் குளோரைடுக் கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் நீராற்பகுப்பு நேர்ந்து, ஒடுக்கம் தொடங்கும் முன்பே நீரேறிய ஆக்சைடாக மாறத் தொடங்கும். கரைசலின் பிஎச் மதிப்பைக் குறித்துவையுங்கள். குளோரோபிளாட்டினேட் எதிரயனி, கார்பன் பரப்பு நேர்மின்சுமை கொண்டிருக்கும் அமிலச் சூழலில் அது கார்பனை நாடும். நைட்ரிக் அமிலத்தில் முன்கூட்டியே ஆக்சிஜனேற்றிய கார்பனில் கார்பாக்சில் தொகுதிகள் மிகுந்திருக்கும்; அவை உலோகத் துகளை நகரவிடாமல் பிடித்துவைக்கும் நங்கூரங்களாக உதவினாலும், எதிர்மின்சுமை பெற்றால் குளோரோபிளாட்டினேட்டைத் தள்ளவும் செய்யும். ஆகவே ‘அமிலத்தில் கொதிக்கவைத்த கார்பன் எப்போதும் சிறந்தது’ என்ற பரவலான நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பிஎச் மதிப்போடு சேர்த்தே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒடுக்கத்துக்கு வேண்டிய போரோஹைட்ரைடைக் கணக்கிடலாம். பிளாட்டினத்துக்கு நான்கு, ருத்தேனியத்துக்கு மூன்று எலக்ட்ரான்கள், மொத்தம் 9.46 மில்லிமோல். ஒரு போரோஹைட்ரைடு எட்டு எலக்ட்ரான்களைத் தரவல்லது என்பதால் 1.18 மில்லிமோல், அதாவது 45 மி.கி. சோடியம் போரோஹைட்ரைடு போதும் என்று தோன்றும். நடைமுறையில் அதன் பெரும்பகுதி நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகப் போய்விடுகிறது. பத்து மடங்கு, அதாவது 0.45 கிராம் எடுத்து, பனிக்கட்டியில் குளிர்வித்த 50 மி.லி. நீரில் சிறிதளவு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கரைத்து உடனே பயன்படுத்துங்கள். நைட்ரஜன் ஓட்டத்தின் கீழ், புகைபோக்கி அறையில், பாத்திரத்தை இறுக மூடாமல் இதைச் செய்ய வேண்டும்; வெளியேறும் ஹைட்ரஜனும் புதிதாகப் பிறந்த பிளாட்டினமும் காற்றும் ஒன்றுசேர்ந்தால் தீப்பொறிக்கு வேறு காரணம் தேவையில்லை.

இவ்வளவு வலுவான ஒடுக்கியை ஏன் தேர்கிறோம் என்றால், பிளாட்டினம் ருத்தேனியத்தைவிட எளிதில் ஒடுங்கும். மென்மையான ஒடுக்கி பிளாட்டினத்தை முதலில் இறக்கிவிட்டு ருத்தேனியத்தைப் பின்னர் தனியே கொண்டுவரும், அல்லது கரைசலிலேயே விட்டுவிடும். போரோஹைட்ரைடு இரண்டையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் இறக்குகிறது. சேர்க்கும் வேகத்துக்கும் பொருள் உண்டு: விரைவாகச் சேர்த்தால் ஒரே நேரத்தில் ஏராளமான கருக்கள் தோன்றி, ஒவ்வொன்றும் சிறிதாகவே நின்றுவிடும்; மிக மெதுவாகச் சேர்த்தால் முதலில் தோன்றிய சில கருக்கள் மட்டுமே பருத்துக்கொண்டு போகும். எந்த வேகத்தைத் தேர்ந்தாலும் அதைக் குறிப்பேட்டில் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். ‘சொட்டுச் சொட்டாக’ என்று மட்டும் எழுதியதை அடுத்த மாதம் நீங்களே திரும்பச் செய்ய முடியாது.

சேர்த்து முடித்து இரண்டு மணி நேரம் கலக்கியபின், சில துளி எடுத்து வடிகட்டிப் பாருங்கள். வடிநீர் நிறமற்று இருக்க வேண்டும். பழுப்பு நிறம் தெரிந்தால் ருத்தேனியம் இன்னும் கரைசலில் இருக்கிறது. அதைக் கவனியாமல் கொட்டினால், 1:1 என்று நீங்கள் பெயரிடும் பொடி 1:1 ஆக இராது.

எத்திலீன் கிளைக்கால் வழி

துகளின் அளவு ஒரே சீராக வேண்டுமானால் இந்த வழிக்கு மாறலாம். இங்கே கிளைக்காலே கரைப்பானும் ஒடுக்கியும். உப்புகளைக் கிளைக்காலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காரமாக்கி, ஆர்கான் ஓட்டத்தில் 160 டிகிரியில் சுமார் மூன்று மணி நேரம் சூடாக்கினால் கரும்பழுப்புக் கூழ்மம் கிடைக்கும். கிளைக்கால் ஆக்சிஜனேறும்போது உண்டாகும் கிளைக்கோலேட் அயனி, துகளின் மேல் ஒட்டி அதை வளரவிடாமல் காக்கிறது; காரத்தில்தான் அது அயனியாக இருக்கும். எனவே காரத்தின் அளவே துகளின் அளவைத் தீர்மானிக்கும் கைப்பிடி: அதை மட்டும் மாற்றி 0.7 முதல் 4 நானோமீட்டர் வரை துகள்களைப் பெற்றிருக்கிறார்கள். கூழ்மம் ஆறியபின் கார்பனைச் சேர்த்து, அமிலத்தால் பிஎச் மதிப்பை இறக்கினால் துகள்கள் கார்பனில் படியும். இந்தக் கடைசிப் படியை மறந்து நேராக வடிகட்டினால் உலோகம் வடிநீரோடு போய்விடும். வடிநீர் கருமையாக இருப்பதே அடையாளம்.

எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று எண்ண வேண்டாம். 3 நானோமீட்டர் பிளாட்டினத் துகளின் பரப்பு ஒரு கிராமுக்கு 93 சதுர மீட்டர், 2 நானோமீட்டரில் 140. ஆனால் மெத்தனாலின் ஹைட்ரஜன்களைக் கழற்ற அடுத்தடுத்த பல பிளாட்டின அணுக்கள் சமதளத்தில் வேண்டும். மிகச் சிறிய துகளில் விளிம்பும் மூலையுமே மிகுதி, அவை ஆக்சிஜன் தொகுதிகளை இறுகப் பற்றியும் கொள்கின்றன. 2 முதல் 4 நானோமீட்டர் வரையிலான அளவை இலக்காகக் கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

வேறு வழிகளும் உண்டு. போனமன் முறையில் பரப்பு இயங்கு பொருள் சூழ்ந்த கூழ்மம் கிடைக்கும். அந்த உறையை எரித்து நீக்கச் சுமார் 300 டிகிரி வெப்பம் வேண்டியிருக்கும். ஆடம்ஸ் முறையில் உப்புகளைச் சோடியம் நைட்ரேட்டோடு உருக்கி ஆக்சைடாக்கிப் பின் ஒடுக்குவார்கள்; கார்பன் தாங்கி இல்லாத உலோகக் கரும்பொடி தேவைப்படும்போது அது பயன்படும்.

கழுவுதல்

என் அனுபவத்தில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படும் படி இதுதான். மேற்கண்ட 1 கிராம் தயாரிப்பில் உப்புகளோடு வந்த குளோரைடு 12.2 மில்லிமோல், எடையில் 430 மி.கி. நாம் படியவைக்கும் உலோகத்தின் எடையைவிட அது அதிகம். போரோஹைட்ரைடிலிருந்து வந்த சோடியம் வேறு 270 மி.கி. இருக்கிறது. குளோரைடு பிளாட்டினத்தின் பரப்பில் ஒட்டி இடத்தை அடைத்துக்கொள்ளும். சோடியம் நஃபியானின் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளில் புரோட்டானின் இடத்தைப் பிடித்து அதன் கடத்துதிறனைக் குறைக்கும். முன்னது வினையின் வேகத்தைக் கெடுக்கும், பின்னது கலத்தின் மின்தடையைக் கூட்டும். இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்து ஒன்றே.

வடிதாளில் வைத்து மேலே நீரை ஊற்றிக்கொண்டே இருப்பது கழுவுதல் ஆகாது. நீர் தனக்கென்று ஒரு வாய்க்கால் அமைத்துக்கொண்டு அதன் வழியே ஓடிவிடும். பொடியை வழித்தெடுத்து 70 முதல் 80 டிகிரி வெந்நீரில் மீண்டும் கலக்கி, அரை மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். இதைக் குறைந்தது ஐந்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வடிநீரில் சிறிது நைட்ரிக் அமிலமும் சில துளி வெள்ளி நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். கலங்கல் முற்றிலும் நின்றபின் மேலும் இரண்டு முறை கழுவுங்கள். ஏனெனில் அந்தச் சோதனை நீரைப் பற்றித்தான் சொல்லும், உலோகப் பரப்பில் ஒட்டியிருப்பதைப் பற்றிச் சொல்லாது. தொடக்கத்தில் ஒரு தொகுதியை மூன்று முறை கழுவிவிட்டு, அதன் மோசமான மின்னோட்டத்துக்குக் காரணம் தேடித் துகளின் அளவையும் விகிதத்தையும் வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டிருந்தேன். மீந்திருந்த அதே பொடியை எடுத்து வெந்நீரில் மறுபடி கழுவியபோதுதான் காரணம் புலப்பட்டது.

உலர்த்தலும் சூடேற்றலும்

வெற்றிட அடுப்பில் 70 அல்லது 80 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தினால் போதும். உறையவைத்து உலர்த்தும் வசதி இருந்தால் அதுவே மேல். நீர் ஆவியாகும்போது துளைகள் சுருங்கிப் பொடி கட்டிதட்டுவது அதில் குறைவு. உலர்ந்த பொடியை அடுப்பிலிருந்து சட்டென்று காற்றில் எடுக்கக் கூடாது. நைட்ரஜனை நிரப்பி ஆறவிட்டு, பின்னர் காற்றை மெல்ல மெல்ல விடுங்கள்.

இதற்குப் பின் ஹைட்ரஜன் 5 விழுக்காடு கலந்த ஆர்கானில் 200 அல்லது 300 டிகிரியில் சூடேற்ற வேண்டுமா என்பதில் கருத்துகள் பிரிகின்றன. சூடேற்றினால் ருத்தேனியம் பிளாட்டினப் படிகத்துக்குள் மேலும் கரைந்து உலோகக்கலவை செம்மைப்படும். கரிம எச்சங்கள் நீங்கும். அதே வேளையில் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பருக்கும். இன்னொரு இழப்பும் உண்டு: அறை வெப்பநிலைத் தயாரிப்பில் ருத்தேனியத்தின் ஒரு பகுதி நீரேறிய ஆக்சைடாகவே இருக்கும், அது எலக்ட்ரானையும் புரோட்டானையும் ஒருங்கே கடத்தவல்லது, ஹைட்ராக்சில் தருவதிலும் உதவுகிறது. சூடேற்றினால் அதன் நீர் வெளியேறி, புரோட்டான் கடத்துதிறன் போய்விடும். போரோஹைட்ரைடு வழியில் தயாரித்த பொடியை நான் முதலில் சூடேற்றாமலே சோதிப்பேன். பிறகு அதே தொகுதியில் ஒரு பங்கை மட்டும் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஒப்பிடுவேன். வெவ்வேறு நாள்களில் தயாரித்த இரண்டு தொகுதிகளை ஒப்பிட்டு வெப்பத்தின் விளைவைச் சொல்ல முயல்வது வீண்.

கலத்தில் பொருத்தும் முன்

எக்ஸ் கதிர் விளிம்பு விலகலில் தூய பிளாட்டினத்தின் முதன்மை உச்சி, செம்புக் கதிரைக் கொண்டு அளந்தால், 39.8 டிகிரியில் வரும். ருத்தேனியம் படிகத்துக்குள் கரைந்தால் அணிக்கோவை சுருங்கி, 1:1 கலவையில் உச்சி 40.4 டிகிரி அளவுக்கு நகரும். உச்சி நகராமல் நின்றால், ருத்தேனியம் வெளியே தனித்து நிற்கிறது என்று பொருள். அது படிக உருவற்ற ஆக்சைடாக இருந்தால் தனி உச்சியாகவும் தெரியாது. துகளின் அளவைக் கணிக்க, கார்பனின் குறுக்கீடு இல்லாத 67 டிகிரிக்கு மேற்பட்ட உச்சியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, பளபளப்பாகத் தேய்த்த கண்ணாடிக் கார்பன் மின்முனையில் சிறிதளவு பொடியைப் படியவைத்து, 0.5 மோலார் கந்தக அமிலத்தில் கார்பன் மோனாக்சைடு நீக்கச் சோதனை செய்யுங்கள். பரப்பை அந்த வாயுவால் மூடி, கரைசலில் கரைந்திருப்பதை ஆர்கானால் வெளியேற்றி, மின்னழுத்தத்தை உயர்த்தினால் ஒட்டியிருந்தது ஆக்சிஜனேறும். ஒரு சதுர செ.மீ. உலோகப் பரப்புக்கு 420 மைக்ரோகூலும் என்ற கணக்கில் பரப்பளவு கிடைக்கும்: 20 மைக்ரோகிராம் உலோகத்துக்கு 5.9 மில்லிகூலும் வந்தால், கிராமுக்கு 70 சதுர மீட்டர். ஹைட்ரஜன் பரப்புக்கவர்ச்சியைக் கொண்டு பரப்பை அளக்கும் முறை தூய பிளாட்டினத்துக்கு ஏற்றது. ருத்தேனியம் இருக்கும்போது நம்பத்தக்கதன்று. இந்தச் சோதனையில் பரப்பளவைவிட மதிப்புள்ள தகவல் உச்சியின் இடம். பிளாட்டினத்தில் 0.7 முதல் 0.8 வோல்ட் வரை நிற்கும் அது, நல்ல கலவையில் 0.5 வோல்ட் பக்கம் இறங்கிவரும். இரண்டு உச்சிகள் தனித்தனியே தெரிந்தால், கலவையான துகள்களோடு தனிப் பிளாட்டினத் துகள்களும் இருக்கின்றன; ஒடுக்கத்துக்கும் பிஎச் மதிப்புக்கும் திரும்பிப் போங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது மின்னழுத்தத்தை 0.8 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். பிளாட்டினத்துக்குப் பழகிய கை 1.2 வோல்ட் வரை ஓட்டிவிடும். சில சுற்றுகளில் ருத்தேனியம் கரைந்துபோய், நீங்கள் தயாரித்ததல்லாத வேறொரு பொருளை அளந்துகொண்டிருப்பீர்கள். ஒப்பீட்டு மின்முனையாக வெள்ளி–வெள்ளிக் குளோரைடையும் தவிருங்கள். அவ்வளவு பாடுபட்டுக் கழுவிய குளோரைடு அதிலிருந்து மீண்டும் கசிந்து வரும்.

மெத்தனால் சேர்த்தபின், மின்னழுத்தத்தை உயர்த்தும்போது வரும் முன்னோக்கிய உச்சிக்கும் இறக்கும்போது வரும் பின்னோக்கிய உச்சிக்கும் உள்ள விகிதத்தை நச்சுத் தாங்கும் திறனின் அளவாகக் குறிப்பிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பின்னோக்கிய உச்சியும், ஆக்சைடு நீங்கிய பரப்பில் புதிதாக வந்துசேரும் மெத்தனாலின் ஆக்சிஜனேற்றமே. எஞ்சிய கார்பன் மோனாக்சைடின் அளவை அது காட்டுவதில்லை. 1 மோலார் மெத்தனாலில் 0.4 வோல்ட்டில் நிறுத்தி, ஒரு மணி நேரம் மின்னோட்டம் எப்படிச் சரிகிறது என்று பார்ப்பது எவ்வளவோ நேர்மையான சோதனை.

மையும் மின்முனையும்

மை என்பது மின்முனையில் பூசுவதற்காக வினையூக்கியைக் கரைத்துக் கலக்கிய குழம்பு. 100 மி.கி. வினையூக்கியை எடுத்தால், முதலில் 1 மி.லி. நீரை விட்டு முழுவதும் நனையுங்கள். அதன் பிறகே ஐசோபுரொப்பனாலைச் சேர்க்க வேண்டும். உலர்ந்த பிளாட்டினப் பொடியில் ஆல்கஹாலை நேரடியாக ஊற்றினால் அது தீப்பற்றும். இந்த வரிசையை எந்த அவசரத்திலும் மாற்றக் கூடாது. பிறகு 5 விழுக்காட்டு நஃபியான் கரைசலில் 0.5 கிராம் சேர்த்தால், உலர்ந்த அடுக்கில் நஃபியான் 20 விழுக்காடாக அமையும். 15 முதல் 30 விழுக்காடு வரை மாற்றிப் பார்க்கலாம்: குறைந்தால் புரோட்டானுக்குப் பாதை இராது, மிகுந்தால் துளைகள் அடைபட்டுக் கார்பன் டைஆக்சைடுக் குமிழிகள் வெளியேற வழியின்றி நிற்கும். கெட்ஜன்பிளாக் போன்ற பரப்பு மிகுந்த கார்பனுக்குக் கூடுதல் நஃபியான் தேவைப்படும். மீயொலித் தொட்டியின் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள்.

மையைக் கார்பன் தாளிலோ, அனோடையும் கேத்தோடையும் பிரிக்கும் சவ்விலோ மெல்லிய பூச்சுகளாகத் தெளித்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் எடை பாருங்கள். நஃபியான் 117 சவ்வுக்கு இருபுறமும் மின்முனைகளை வைத்து 130 டிகிரியில் மூன்று நிமிடம் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். கேத்தோடுக்கு ஆராய்ச்சித் தொடக்கத்தில் கடைகளில் கிடைக்கும் பிளாட்டினக் கரும்பொடியையோ கார்பன் மீதான பிளாட்டினத்தையோ மாற்றாமல் பயன்படுத்துங்கள்; இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாறினால் எதுவும் விளங்காது.

வரைகோட்டைப் படித்தல்

கலத்தின் மின்னழுத்தத்தை மட்டும் வைத்து அனோடு வினையூக்கிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. மெத்தனால் சவ்வைக் கடந்து கேத்தோடுக்குப் போய் அங்கும் வினைபுரிவதால், திறந்த சுற்றிலேயே 1.21-க்குப் பதில் 0.6 முதல் 0.8 வோல்ட் வரைதான் தெரியும். அனோடைத் தனியே பார்க்க ஒரு வழி உண்டு: கேத்தோடுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக ஹைட்ரஜனைச் செலுத்தி, வெளி மின்மூலத்தால் அனோடை இயக்குங்கள். அப்போது ஹைட்ரஜன் பக்கம் ஒப்பீட்டு மின்முனையாகவும் நின்றுவிடும். கிடைக்கும் மின்னோட்டம்–மின்னழுத்த வரைகோடு முழுக்க அனோடுடையது. உயர் அதிர்வெண் மின்தடையையும் அளந்து கழித்துவிடுங்கள்.

இப்போது தயாரிப்புப் படிகளைப் பின்னோக்கித் தேடலாம். மின்னோட்டம் தொடங்கவே அதிக மின்னழுத்தம் கேட்டால், ருத்தேனியம் பிளாட்டினத்தோடு சேரவில்லை. ஒடுக்கியையும் வடிநீரின் நிறத்தையும் நினைவுபடுத்திப் பாருங்கள். தொடக்கம் சரியாக இருந்து, அளவு மட்டும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் பரப்பு போதவில்லை. துகள் பருத்திருக்கலாம் அல்லது குளோரைடு மூடியிருக்கலாம். கார்பன் மோனாக்சைடு நீக்கச் சோதனையில் பரப்பு நன்றாக இருந்தும் கலத்தில் குறைகிறது என்றால், துகள்கள் நஃபியான் எட்டாத துளைகளில் இருக்கின்றன. நடுப்பகுதியில் கோடு செங்குத்தாகச் சரிந்து மின்தடையும் உயர்ந்திருந்தால் சோடியத்தைச் சந்தேகியுங்கள். சவ்வை நீர்த்த கந்தக அமிலத்தில் மீண்டும் காய்ச்சி எடுத்தால் தடை குறைகிறதா என்று பார்க்கலாம். உயர் மின்னோட்டத்தில் மட்டும் சட்டென்று விழுந்தால் குற்றம் பெரும்பாலும் வினையூக்கியில் இல்லை, அடுக்கின் தடிப்பிலும் நஃபியான் அளவிலும் இருக்கிறது.

நாள் செல்லச் செல்லத் தெரியும் குறை வேறு. உலோகக்கலவையில் சேராத ருத்தேனியம் மெல்லக் கரைந்து சவ்வைக் கடந்து கேத்தோடில் படிகிறது. அங்கே ஆக்சிஜன் ஒடுக்கத்தைத் தடுத்து, படிந்த அளவைப் பொறுத்து 40 முதல் 200 மில்லிவோல்ட் வரை பறித்துவிடக்கூடும். அனோடு வினையூக்கியைக் குறைசொல்லித் தேடிக்கொண்டிருக்கும்போது, கெட்டுப்போனது கேத்தோடாக இருக்கும். இதைத் தடுக்கும் வேலையும் தயாரிப்பு மேசையிலேயே இருக்கிறது: கழுவி முடித்த பொடியை 0.5 மோலார் கந்தக அமிலத்தில், கலம் இயங்கப்போகும் அதே வெப்பநிலையில் சில மணி நேரம் கலக்கி, வடிநீரில் ருத்தேனியத்தை அளந்து, மறுபடி நீரால் கழுவி உலர்த்துங்கள். வடிநீரில் வந்த ருத்தேனியத்தைக் கழித்தபின் உள்ள விகிதமே உங்கள் வினையூக்கியின் உண்மையான விகிதம். குப்பியின் மேல் அதையே எழுதுங்கள்.